லத்துவாடிக் கணக்கேடு

ஒரு முட்டைக்கோழி நோயில் சுருண்டு கிடக்கிறது. அதன் இரத்தத்தை எடுத்து ஒரே ஒரு சோதனை செய்தாலும் செலவு கோழியின் விலையைத் தாண்டிவிடும். மனித மருத்துவம் படிக்கும் மாணவருக்கு இப்படி ஒரு கணக்கு வருவதே இல்லை. கால்நடை மருத்துவம் படிப்பவருக்கு அது தினசரிக் கணக்கு. நோயாளிக்கு விலை உண்டு, அந்த விலை சந்தைக்குச் சந்தை மாறும், வைத்தியச் செலவு அதற்குள் அடங்கியாக வேண்டும். இந்தப் படிப்பின் வரவு செலவை எழுத உட்காருகிறவர் இந்த வரியை முதலில் எழுத வேண்டும் என்பது என் கருத்து. கல்விக் கட்டணம், மெஸ் பில், புத்தக விலை எல்லாம் அதற்குக் கீழேதான் வரும்.

கணக்குக்கு நாமக்கல்லை எடுத்துக்கொள்கிறேன். மோகனூர் சாலையில் லத்துவாடியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 1985-இல் தொடங்கியது. அதை நடத்தும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-இல்தான் பிறந்தது. பல்கலைக்கழகத்தைவிடக் கல்லூரிக்கு நான்கு வயது அதிகம். சென்னை வேப்பேரியில் 1903-இல் 20 மாணவர்களோடு தொடங்கிய கல்லூரிக்குப் பிறகு, 82 ஆண்டுகள் கழித்து மாநிலத்துக்குக் கிடைத்த இரண்டாவது கால்நடை மருத்துவக் கல்லூரி இது. 2012-இல் திருநெல்வேலியும் ஒரத்தநாடும், 2020-இல் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டையும் சேர்ந்து இப்போது ஏழாகிவிட்டன.

ஊர் சின்னது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாமக்கல் நகராட்சியில் இருந்தவர்கள் 55,145 பேர். மாவட்டத்தின் முட்டைக்கோழிகளையோ கோடிகளில்தான் எண்ண வேண்டும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கோழியினம் 12 கோடியைத் தாண்டியது, நாட்டிலேயே முதலிடம். அதே கணக்கெடுப்பில் மாநிலத்தின் பசுவினம் சுமார் 95 லட்சம், வெள்ளாடு சுமார் 99 லட்சம், செம்மறி 45 லட்சம், எருமை 5 லட்சத்துச் சொச்சம். லத்துவாடி விடுதியில் தங்கிப் படிக்கிறவர் தன் படிப்பு யாருக்காக என்று தேட வேண்டியதில்லை. பஸ் ஏறி அரைமணி நேரம் எந்தப் பக்கம் போனாலும் கொட்டகைகள்தான்.

படிப்புக்கு ஐந்தரை ஆண்டு. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் 2016 விதிமுறைப்படி முதல் மூன்று தொழிற்படிப்பு ஆண்டுகள் ஒவ்வொன்றும் 12 மாதம், நான்காவது 18 மாதம், அதன்மேல் ஓராண்டு இன்டர்ன்ஷிப். எம்.பி.பி.எஸ். படிப்புக்கும் நான்கரையும் ஒன்றும்தான். காலம் சமம், சரக்கு சமமில்லை.

மனிதனுக்கு விலா எலும்பு 12 ஜோடி. அதைக் கற்றால் போதும். இங்கே பசுவுக்கு 13, குதிரைக்கு 18, பன்றிக்கு 14 அல்லது 15, நாய்க்கு 13, கோழிக்கு 7. கழுத்து முள்ளெலும்பு பாலூட்டிகளில் 7 என்று நிம்மதியாக இருந்தால், கோழி 14 என்று நிற்கும். பல் கணக்கு எடுத்தால் நாய்க்கு 42, பூனைக்கு 30, பன்றிக்கு 44. பசுவுக்கு 32, மனிதனுக்கும் 32. ஆனால் பசுவின் மேல்தாடையில் முன்பல் ஒன்றுகூடக் கிடையாது. குரோமோசோம் பசுவுக்கு 60, ஆற்று எருமைக்கு 50, செம்மறிக்கு 54, வெள்ளாட்டுக்கு 60, நாய்க்கு 78. சினைக்காலம் பசுவுக்கு ஏறத்தாழ 280 நாள், எருமைக்கு 310, ஆட்டுக்கு 150, பன்றிக்கு 114, நாய்க்கு 63. அடைகாக்கும் காலம் கோழிக்கு 21, வாத்துக்கு 28, காடைக்கு 17 அல்லது 18. சராசரி உடல் வெப்பம் குதிரைக்கு நூறு டிகிரி பாரன்ஹீட்டுக்குச் சற்று மேல், பசுவுக்கு 101.5, வெள்ளாட்டுக்கு 103 வரை, கோழிக்கு 107. மனிதனுக்கு 107 என்றால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். கோழிக்கு அது சாதாரண நாள்.

இதைப் பலரும் மனப்பாடச் சுமை என்று மட்டுமே பார்க்கிறார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு மருந்தளவு இருக்கிறது என்பதைச் சைலசின் என்ற மயக்க மருந்து ஒன்றே சொல்லும். குதிரைக்கு எடையில் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம், மாட்டுக்கு 0.05 முதல் 0.1. எடை ஒன்றாகவே இருந்தாலும் மாட்டுக்குக் குதிரை அளவில் பத்தில் ஒரு பங்குதான். 400 கிலோ குதிரைக்கு 440 மில்லிகிராம் போவது சரி. அதே எடையுள்ள பசுவுக்கு 40 மில்லிகிராமே மேல்வரம்பு. தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் ஒரு வீட்டின் கறவை போய்விடும். வைவாவில் பேராசிரியர் எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் கண்டிப்பை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

சேர்வதற்கும் எண்தான் வாசல். உயிரியலில் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200-க்குக் கட்-ஆஃப். மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு மட்டும் நீட். 2021-இல் வந்த சட்டம் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு தந்தது. அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த ஒரு வரி பல குடும்பங்களின் கணக்கையே மாற்றியிருக்கிறது. வீட்டில் மாடு கட்டியிருக்கிற பிள்ளை, மாட்டின் வாயைத் திறந்து ‘ரெண்டு பல்’, ‘நாலு பல்’, ‘பல் சேர்ந்தது’ என்று வயது சொல்லத் தெரிந்த பிள்ளை, இப்போது வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நிலைப்பல் என்றால் ஏறத்தாழ இரண்டு வயது, எட்டும் முளைத்தால் நான்கரைக்குப் பக்கம் என்று புத்தகம் சொல்வதை அந்தப் பிள்ளை சந்தையிலேயே கற்றுக்கொண்டு வந்திருக்கும்.

மாணவரின் சொந்தப் பையிலிருந்து போவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசுக் கல்லூரிக் கட்டணம் தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாத அளவு குறைவு. டிசெக்‌ஷன் பாக்ஸ், வெள்ளை ஏப்ரன், பண்ணைக்கு ஓவரால், கம்பூட், தெர்மாமீட்டர், ஸ்டெதாஸ்கோப். கடைசிப் பொருளில்தான் வித்தியாசம் அதிகம்: சில நூறு ரூபாயிலும் கிடைக்கும், பல ஆயிரத்திலும் கிடைக்கும். மாட்டின் வயிற்றுச் சத்தம் கேட்கச் சில நூறு ரூபாய்க் கருவியே போதும். உடற்கூறியலுக்குச் சிசன்–கிராஸ்மன், 1975-இல் வந்த ஐந்தாம் பதிப்பே இரண்டு பெரிய தொகுதி. யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. நூலகத்திலிருந்து எடுத்த தொகுதி அறை அறையாகச் சுற்றும். சீனியர்களின் ரெக்கார்டு நோட்டு அதைவிட வேகமாகச் சுற்றும்.

விடுதிச் சாப்பாடு டிவைடிங் முறை. மாதச் செலவைச் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்துத் தலைக்கு எழுதுவார்கள். உதாரணத்துக்கு 150 பேர், 30 நாள் என்றால் 4,500 சாப்பாட்டு நாட்கள். மாதச் செலவு 4,05,000 ரூபாய் ஆனால் ஒரு நாளுக்கு 90, ஒருவருக்கு 2,700. இதில் 40 பேர் டூருக்கோ முகாமுக்கோ பத்து நாள் வெளியே போனால் வகுக்கும் எண் 4,100 ஆகிவிடும். சமையலாள் சம்பளமும் அடுப்புச் செலவும் அப்படியே நிற்பதால், மீதி இருப்பவர்களின் நாள் கணக்கு ஏறும். மெஸ் கமிட்டியில் இருக்கும் மாணவர்கள் இந்த வகுத்தலை மாதாமாதம் போட்டுப் போட்டுத்தான், நிலைச்செலவு வேறு, மாறும் செலவு வேறு என்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். பண்ணைப் பொருளாதாரப் பாடம் பிறகு வரும்போது அவர்களுக்கு அது புதிதாக இருப்பதில்லை.

நாமக்கல்லில் படிப்பவருக்கும் வேறு ஊரில் படிப்பவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கோழிக் கொட்டகையில் தெரியும். அதனால் இந்தப் பக்கத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

10,000 முட்டைக்கோழி உள்ள ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். இந்த மாவட்டத்தில் அது பெரிய பண்ணை இல்லை. முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும். பத்தாயிரத்துக்கு 1,100 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 22. தண்ணீர், தின்னும் தீவனத்தின் எடையைப்போல இரண்டு மடங்கு: 2,200 லிட்டர். சித்திரை வெயிலில் அது இன்னும் ஒரு மடங்கு கூடினாலும் வியப்பில்லை. நூற்றுக்கு 90 முட்டையிட்டால் 9,000 முட்டை. 30 குழி அட்டையில் 300 அட்டை. தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 33,000 ரூபாய். முட்டை ஒன்றுக்குத் தீவனச் செலவு மட்டும் 3 ரூபாய் 67 காசு. முட்டை உற்பத்திச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு தீவனமே என்று பாடத்தில் படிப்பது இந்தப் பெருக்கலில் கண்ணுக்கு வருகிறது.

அடுத்த வரி இன்னும் முக்கியமானது. கோழி ஒன்று நாளைக்கு ஒரே ஒரு கிராம் தீவனத்தைத் தொட்டியிலிருந்து வெளியே சிந்தினால், கொட்டகைக்கு 10 கிலோ. நாளைக்கு 300 ரூபாய். ஆண்டுக்கு 1,09,500 ரூபாய். அலகு வெட்டியதில் உள்ள குறை, தீவனத் தொட்டியை அளவுக்கு மேல் நிரப்புவது, எலி என்று அந்த ஒரு கிராமுக்குப் பல காரணங்கள். முதல் தடவை கொட்டகைக்குள் நுழைகிற மாணவரைக் கோழியைப் பார்ப்பதற்கு முன் தொட்டிக்குக் கீழே தரையைப் பார்க்கச் சொல்வார்கள். முட்டை 90-லிருந்து 88-க்கு இறங்கினால் நாளைக்கு 200 முட்டை குறையும். 5 ரூபாய் விலையில் 1,000 ரூபாய். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-இல் தொடங்கியதிலிருந்து முட்டை விலை அறிவிக்கப்படுகிறது. நாமக்கல் மண்டல விலையில் 5 காசு இறங்கினால் இந்தக் கொட்டகைக்கு 450 ரூபாய். நோயும் விலையும் ஒரே நோட்டில் ஒரே பக்கத்தில் வரும் படிப்பு இது.

இங்கே நோயாளி யார்? கொட்டகைதான். மாதத்துக்கு அரை சதவீதம் வரை கோழி சாவது எதிர்பார்த்ததே. 10,000-க்கு மாதம் 50, நாளைக்கு இரண்டுக்கும் குறைவு. ஒரு நாள் ஐந்து செத்தால் குறித்துக்கொள்ள வேண்டும், மறுநாளும் ஐந்து என்றால் கிளம்ப வேண்டும். கிளம்பிப் போய்ச் செய்வது பிரேதப் பரிசோதனை. நாமக்கல் வெயிலில் செத்த கோழி சில மணி நேரத்தில் அழுகிவிடும். புதிதாகச் செத்தவை, சாகும் தறுவாயில் இருப்பவை என்று நாலைந்தைத் தேர்ந்தெடுக்கக் கற்பதே ஒரு திறமை. இரைப்பைக்கு முன்னால் உள்ள சுரப்பி வயிற்றில் ஊசிமுனைபோல இரத்தப் புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயை நினைக்க வேண்டும். இளங்குஞ்சில் ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சா வீங்கியிருந்தால் கம்போரோ. கத்தரி, கையுறை, கண். செலவு இவ்வளவுதான், காப்பாற்றப்படுவது மீதி ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கோழிக்கு வைத்தியம் பார்க்காமல் விடுவது இரக்கமின்மை என்று நினைக்கும் முதலாண்டு மாணவருக்கு, அந்த ஒன்றைத் திறந்து பார்ப்பது மற்றவற்றின் மேல் உள்ள அக்கறை என்று புரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அந்தப் புரிதலுக்கு வகுப்பறை போதாது.

தடுப்பூசியும் கொட்டகை அளவில்தான். குஞ்சு பொரித்த நாளிலேயே மேரக்ஸ், முதல் வாரத்தில் ராணிக்கெட், இரண்டாம் வாரத்தில் கம்போரோ என்று அட்டவணை ஓடும். 1,000 டோஸ் குப்பி, பத்தாயிரத்துக்குப் பத்து. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். தண்ணீரில் கலந்து கொடுப்பதென்றால் குளோரின் மருந்தைக் கொல்லாமலிருக்க லிட்டருக்குச் சில கிராம் கொழுப்பெடுத்த பால்பொடி. விடியற்காலையில் இது நடக்கும் என்பதால் மாணவர்களின் தூக்கமும் இந்தக் கணக்கில் சேர்கிறது. தீவனத்திலும் கண் வேண்டும். மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளடாக்சினுக்குக் கோழித் தீவன வரம்பு நூறு கோடியில் 20 பங்கு. ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியாத அந்த அளவை ஆய்வகத்தில் பிரித்துக் காட்டக் கற்ற ஒரு மாணவர், மழையில் நனைந்த ஒரு லோடு மக்காச்சோளத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லும் துணிவைப் பெறுகிறார்.

கோழியின் உடலே ஒரு பேரேடு. முட்டை 55 கிராம் என்றால், ஆண்டுக்கு 300 முட்டைக்கு 16.5 கிலோ. கோழியின் எடை ஒன்றரைக் கிலோ. தன் எடையைப்போலப் பதினொரு மடங்கை ஓராண்டில் அது வெளியே தருகிறது. ஓட்டுக்கு முட்டைக்கு 2 கிராம் கால்சியம், ஆண்டுக்கு 600 கிராம். கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் சேர்ந்தே கால்சியம் சுமார் 20 கிராம்தான் இருக்கும். தீவனத்தில் சுண்ணாம்புக்கல் தூள் குறைந்த வாரமே ஓடு மெலிந்து, கூண்டில் கோழி எழ முடியாமல் படுத்துவிடுவது இதனால்தான். தமிழ்நாட்டுச் சத்துணவுத் தட்டில் 2010 முதல் வாரத்துக்கு ஐந்து முட்டை போகிறது. அந்த ஐந்தும் கோழியின் எலும்பிலிருந்து கடன் வாங்கி வந்தவை ஆகாமல் பார்ப்பது இந்த மாணவர்களின் வேலையாகப் போகிறது.

கொட்டகையிலிருந்து சிகிச்சை வளாகத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழாகும். இங்கே ஒரே ஒரு உடல், பெரிய உடல். கழிச்சலில் உடல் எடையில் நூற்றுக்கு 8 பங்கு நீரை இழந்து 400 கிலோ பசு ஒன்று வருகிறது. ஈடுகட்ட 32 லிட்டர் வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் 64. பாட்டில் 50 ரூபாய் என்று வைத்தாலும் 3,200. அதற்கு மேல் மருந்து, வேன் வாடகை, கூட வந்த இருவரின் அன்றைய கூலி. அதே அளவு நீர் இழந்த 60 கிலோ மனிதருக்கு 4.8 லிட்டர், பத்தே பாட்டில்.

இந்த இடத்தில்தான் படிப்பு தன் மதிப்பைக் காட்டுகிறது. 7.2 சதவீத உப்புக் கரைசல் கிலோவுக்கு 4 அல்லது 5 மில்லி, அதாவது 400 கிலோவுக்கு 2 லிட்டருக்குள் நரம்பில் ஏற்றினால், உடலுக்குள் இருக்கும் நீர் இரத்தத்துக்கு இழுக்கப்படும், தாகம் எடுக்கும், மாடு தானே வாளியில் வாய் வைக்கும். குடிக்காவிட்டால் வயிற்றுக் குழாய். 20 லிட்டர் வாளிக்கு லிட்டருக்கு 9 கிராம் வீதம் 180 கிராம் சாப்பாட்டு உப்பு. மளிகைக் கடை விலையில் சில ரூபாய். 40 பாட்டில் செய்யும் வேலையின் பெரும்பகுதியை ஒரு வாளியும் ஒரு குழாயும் செய்கின்றன. சோர்ந்து படுத்த மாட்டுக்கு மட்டும் நரம்பு வழி கட்டாயம். எது வாளி மாடு, எது பாட்டில் மாடு என்று கண், தோல், நாடி பார்த்துப் பிரிக்கும் அறிவுக்காகத்தான் ஐந்தரை ஆண்டு.

கன்று ஈன்ற மறுநாள் எழ முடியாமல் கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்திருக்கும் கறவை இன்னொரு கணக்கு. இரத்தக் கால்சியம் நூறு மில்லிக்கு 8 முதல் 10 மில்லிகிராம் இருக்க வேண்டியது 5-க்கும் கீழே போயிருக்கும். 450 மில்லி கால்சியம் போரோகுளுக்கோனேட் பாட்டில் ஒன்றை, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே, பத்து இருபது நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றினால், பல சமயம் பாட்டில் முடியும்போது மாடு ஏப்பம் விடும், சாணி போடும், எழுந்து நிற்கும். அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அறுபதாயிரம் ரூபாய் மாட்டை மீட்பது சில நூறு ரூபாய் மருந்தும் அவசரப்படாத கையும். இன்டர்ன்ஷிப்பில் நள்ளிரவில் இதை ஒருமுறை செய்தவர் வேறு தொழிலை நினைப்பது அரிது என்று மூத்த மருத்துவர்கள் சொல்வதில் மிகை இல்லை.

வெள்ளாட்டிடம் கணக்கு கறாராகும். 20 கிலோ ஆடு, உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றால் 8,000. விசேஷ வீட்டு மிச்சச் சோற்றையோ மக்காச்சோளத்தையோ மிதமிஞ்சித் தின்றுவிட்டு வயிறு உப்பி வரும். அசைவயிற்று நீரைக் குழாயில் உறிஞ்சி, சில ரூபாய் காகிதப் பட்டையில் அமிலத்தன்மையைப் பார்ப்பார்கள். 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டிய எண் 5-க்குக் கீழே இறங்கியிருந்தால் வயிற்றைத் திறந்து சோற்றை அள்ளி வெளியே போட வேண்டிவரலாம். தனியாரிடம் அறுவைச் செலவு ஆட்டு விலையைத் தொட்டுவிடும். கசாப்புக்குத் தள்ளிவிடவா என்று உரிமையாளர் கேட்பார். அது அவருடைய நியாயமான கேள்வி. அவர் வீட்டில் அந்த ஆடுதான் பள்ளிக் கட்டணம். “அம்மா, இன்னைக்கு ராத்திரி பாக்கலாம், காலையில அசை போடலேன்னா ஆபரேஷன்” என்று ஓர் இன்டர்ன் சொல்லும்போது, அந்த ஒரு வாக்கியத்துக்குள் எண் இருக்கிறது, விலை இருக்கிறது, ஆட்டின் வலியும் இருக்கிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் தாங்கக் கற்பிப்பதற்குப் பாடத்திட்டத்தில் தனி மதிப்பெண் கிடையாது. இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மருந்துச் சீட்டில் வராத செலவும் உண்டு. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை, மருந்தைப் பொறுத்து மூன்று நான்கு நாள் ஊற்றக் கூடாது. பத்து லிட்டர் கறவை, லிட்டர் 35 ரூபாய், நான்கு நாள்: 1,400. இதை உரிமையாளரிடம் வாய்திறந்து சொல்லாமல் வந்தால் அந்தப் பால் சொசைட்டிக்குப் போகும், அங்கிருந்து ஒரு குழந்தையின் டம்ளருக்குப் போகும்.

சினை ஊசியின் அலகு 21. பருவத்துக்கு வந்த பசு மறுபடி வர 21 நாள். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. உறைவிந்துக் குச்சியில் இருப்பது கால் மில்லி. அதில் இரண்டு கோடி விந்தணு. மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனிலிருந்து எடுத்து 37 டிகிரி நீரில் 30 விநாடி. ஒரு பருவம் தவறினால் வறட்டு மாட்டுக்கு நாளைக்கு 200 ரூபாய்த் தீனி என்ற கணக்கில் 4,200 போகும், பால் தள்ளிப்போவது தனி. சினை இருக்கிறதா என்று அறுபதாம் நாள் கைவிட்டுப் பார்த்துத் தவறாகச் சொன்னால் அந்தத் தொகை பன்மடங்காகும். அந்தக் கைப்பழக்கத்துக்கு ஒரு வகுப்புக்கே பண்ணையில் இருக்கிற மாடுகள் கொஞ்சம்தான். ஒரு பசுவைப் பத்துப் பேர் அடுத்தடுத்துத் தொட்டால் அதற்குப் புண்ணாகும், அது கொடுமை. அதனால் இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் கருப்பைகளை மேசையில் வைத்து விரலால் படித்துவிட்டு, பிறகே மாட்டுக்குப் போகிறார்கள். பழகும் மாடு போதாமை இந்தப் படிப்பின் பெரிய பற்றாக்குறை. புதுக் கல்லூரிகளுக்குக் கட்டடத்துக்கு முன்னால் மந்தை வாங்கித் தர வேண்டும்.

கடைசியாக, மாணவரின் உடல். நஞ்சுக்கொடி விழாத மாட்டில் கைவிடும்போது புருசெல்லா தொற்றலாம். நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிகளுக்குப் போடும் எஸ்-19 தடுப்பூசி உயிருள்ள கிருமி. ஊசி கை தவறி விரலில் ஏறினாலும் அதே காய்ச்சல்தான். எல்லாவற்றிலும் கொடியது வெறிநோய். “தொண்டையில ஏதோ சிக்கிக்கிச்சு டாக்டர், எச்சில் ஒழுகுது, தண்ணி குடிக்க மாட்டேங்குது” என்று ஒருவர் பசுவைக் கொண்டுவருவார். மாங்கொட்டையா, பனங்கொட்டையா என்று வாய்க்குள் கைவிடத் தோன்றும். வெறிநோய் கண்ட மாடும் இப்படியேதான் நிற்கும். அறிகுறி வந்த பிறகு மனிதருக்கு மருந்து இல்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

தடுக்கும் வழி எளிது: கடிபடும் முன்பே ஊசி. முதல் நாள், ஏழாம் நாள், 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று. ஒன்று 400 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் தலைக்கு 1,200, நூறு பேர் கொண்ட வகுப்புக்கு 1,20,000. மேலே சொன்ன கொட்டகையில் கோழிக்கு ஒரு கிராம் தீவனம் சிந்துவதால் ஆண்டுக்குப் போகிற தொகையைவிடப் பத்தாயிரத்துச் சொச்சம்தான் கூடுதல். எந்த ஊர்க் கால்நடைக் கல்லூரியானாலும் இந்தச் செலவு மாணவர் தலையில் விழக் கூடாது, மாணவர் நினைவில் வைத்துப் போட்டுக்கொள்ளும் காரியமாகவும் இருக்கக் கூடாது. சேர்க்கை நடக்கும் வாரத்தில் முதல் ஊசியைப் போட்டுவிட்டால், மூன்றாவது ஊசி ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதுவரை முதலாண்டு மாணவர்களுக்குப் பண்ணை டியூட்டி போடாமல் எலும்பு அறையிலேயே வகுப்பு நடத்தலாம். 13, 18, 14 என்று எண்ணப் பழக அங்கே வேலை நிறைய இருக்கிறது.